ஜப்பானை எடுத்தால் ஏன் பின்தங்குகிறோம்? சிவிலைசேஷன் 6இல் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பள்ளி விடுமுறையில் அக்கா மகன் செங்காங்கிலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். "மாமா, நாலு தடவை ஜப்பான் எடுத்து ஆடிட்டேன். நாலு தடவையும் பாதியிலேயே பின்தங்கிடுது. எங்க தப்புன்னே தெரியல" என்றான். சிவிலைசேஷன் 6 என்பது அறுகோணக் கட்டங்களால் ஆன வரைபடத்தில் ஒரு நாட்டை எடுத்து, நகரங்கள் கட்டி, முறை முறையாக (ஒரு முறை என்பது ஒரு டர்ன்) வளர்க்கும் கணினி ஆட்டம். சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். 140ஆவது டர்ன். ஐந்தே நகரங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து ஏழெட்டுக் கட்டம் தள்ளி. கியோட்டோவின் கேம்பஸ், அதாவது அறிவியல் தரும் பகுதி, புல்வெளி நடுவே தனியாக நிற்கிறது. அதன்மேல் சுட்டியை வைத்துப் பார்த்தால் அறிவியல் +1.

பார்த்ததும் புரிந்துவிட்டது. அவன் ஜப்பானைச் சாமுராய் நாடாக நினைத்து ஆடியிருக்கிறான். இந்த ஆட்டத்தில் ஜப்பானின் பலம் வாளில் இல்லை, நெருக்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூரின் தோ பாயோவை நினைத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே ஏறினால் பேருந்து முனையம், அதன் தலைக்குமேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நடுவம், வெளியே வந்தால் நூலகம், நாலு எட்டு வைத்தால் கடைகளும் சாப்பாடும். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதால்தான் ஒவ்வொன்றுக்கும் கூட்டம் வருகிறது. ஜப்பானை அப்படித்தான் கட்ட வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை விட்டதால் வருபவை.

நான் சொல்வதெல்லாம் 2019இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தோடு, ஹோஜோ தோக்கிமுனேயைத் தலைவராக வைத்து, வழக்கமான வேகத்தில் ஆடுவதற்கு. நகரத்தைச் சுற்றி ஒரு கட்டத்தில் கட்டும் சிறப்புப் பகுதியை, ஆட்டத்தில் டிஸ்ட்ரிக்ட் என்று வருவதை, வட்டாரம் என்றும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அதற்குக் கிடைக்கும் கூடுதலை அண்டைப் பலன் என்றும் எழுதுகிறேன். கேம்பஸ் (அறிவியல்), ஹோலி சைட் (பக்தி) போன்றவற்றைத் திரையில் இருக்கும் பெயரிலேயே விட்டுவிடுகிறேன், தேடச் சுலபமாக இருக்கும்.

அறிகுறி: 100 டர்ன் தாண்டியும் அறிவியல் எண் ஏறவில்லை

முதலில் ஒரு சோதனை. ஒவ்வொரு கேம்பஸின் மேலும் சுட்டியை வையுங்கள். +1, +2 என்று வந்தால் கோளாறு இங்கேதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

மற்ற நாடுகளுக்கு ஒரு வட்டாரத்தின் பக்கத்தில் இன்னொரு வட்டாரம் இருந்தால் கிடைப்பது அரைப் புள்ளி. மொத்தத்தில் அரை மிச்சம் வந்தால் அதுவும் கணக்கில் வராது. ஜப்பானுக்கு மெய்ஜி மறுசீரமைப்பு என்ற சிறப்பியல்பு உண்டு. அதனால் அந்த அரை முழு ஒன்றாகிறது. கேட்பதற்குச் சின்ன விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு வட்டாரம், அதைச் சுற்றி ஆறு வட்டாரங்கள், பூ மாதிரி. நடுவில் இருப்பதற்கு ஆறு அண்டை. வெளியே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று அண்டை. வேறு நாடு என்றால் நடுவுக்கு 3, வெளியே ஒன்றரை என்பது வெட்டுப்பட்டு 1, ஆக மொத்தம் 9. ஜப்பானுக்கு நடுவில் 6, வெளியே ஆறு மூன்று பதினெட்டு, மொத்தம் 24. அதே நிலம், அதே ஏழு கட்டிடங்கள்.

(உண்மையான மெய்ஜி மறுசீரமைப்பு 1868இல் நடந்தது. 1871இல் பழைய சிற்றரசுகளை ஒழித்து நாட்டை மாவட்டங்களாக மாற்றினார்கள். அடுத்த ஆண்டே தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையே ரயில் ஓடியது. சிதறிக் கிடந்ததை நெருக்கிக் கட்டிய காலம் அது. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் இந்தப் பெயரை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.)

இப்போது நகரங்களை எங்கே வைப்பது என்பதற்கு வருவோம். இரண்டு நகர மையங்களுக்கு நடுவே குறைந்தது மூன்று கட்டம் விட வேண்டும் என்பது விதி. அதாவது எண்ணிக்கொண்டு போனால் நாலாவது கட்டத்தில் அடுத்த நகரம். ஜப்பானுக்கு அந்தக் குறைந்த தூரமே சரியான தூரம். மூன்று நகரங்களை முக்கோணமாக, ஒவ்வொரு பக்கமும் நாலு கட்டம் வருமாறு வையுங்கள். உள்ளே 12 கட்டங்கள் அடங்கும்: விளிம்புகளில் ஒன்பது, நட்டநடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மூன்று. அந்த நடு மூன்றும் மூன்று நகரங்களுக்குமே எட்டும் தூரத்தில் இருப்பவை. ஆளுக்கொரு கேம்பஸை அங்கே கட்டுங்கள். விளிம்பு ஒன்பதையும் மற்ற வட்டாரங்களால் நிரப்பினால் மூன்று கேம்பஸுக்கும் தலா +6.

நடைமுறையில் முக்கோணத்துக்குள் ஒரு ஏரி வந்து உட்காரும், ஒரு கட்டத்தில் பட்டு கிடைக்கும், ஒன்றில் இரும்பு இருக்கும். ஆடம்பரப் பொருளும் போர்ப்பொருளும் உள்ள கட்டத்தில் வட்டாரம் கட்ட முடியாது. அதனால் +4, +5 வந்தாலே மனநிறைவு கொள்ளலாம். மலை குறுக்கே வந்தால் மட்டும் வருத்தப்படாதீர்கள். கேம்பஸுக்கும் ஹோலி சைட்டுக்கும் பக்கத்து மலை ஒன்றுக்கு +1 கிடைக்கும். ஜப்பானுக்குப் பக்கத்து வட்டாரம் தருவதும் அதே அளவுதான். ஆக மலை என்பது முதல் டர்னிலேயே யாரோ கட்டி முடித்துக் கொடுத்த வட்டாரம். தொடக்கத்தில் மலையோரம் கேம்பஸ், அதன் மறுபக்கம் ஹோலி சைட் என்று போங்கள். ஆனால் இண்டஸ்ட்ரியல் ஸோனுக்கும் (உற்பத்தி) தியேட்டர் ஸ்குவேருக்கும் (பண்பாடு) மலை எதுவும் தராது, அவற்றை மலைப் பக்கம் தள்ளிவிட்டு வீணாக்காதீர்கள்.

எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொள்ள முடியாது. வரைபடத்தில் குறி குத்தும் வசதி இருக்கிறது. இரண்டாவது நகரம் வைப்பதற்கு முன்பே முக்கோணத்தைக் குறித்துவிடுங்கள். நான் பத்து நிமிடம் செலவழிப்பது இங்கே மட்டும்தான்.

அடுத்து, வட்டாரத்தின் விலை. நீங்கள் தொழில்நுட்பங்களையும் குடிமை வளர்ச்சிகளையும் சேர்க்கச் சேர்க்க விலை ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஒரு வட்டாரத்துக்கு அடித்தளம் போட்ட அந்த டர்னிலேயே விலை உறைந்துவிடும். இடம் கிடைத்தவுடன் போட்டு வைத்துவிட்டு, உற்பத்தியை வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். சீக்கிரமே அடித்தளம் போட்டு வைப்பது ஜப்பானுக்கு இரட்டிப்பு லாபம், ஏனென்றால் பக்கத்தில் பிறகு எது எழும்பினாலும் பழைய வட்டாரத்தின் பலன் தானாகக் கூடும்.

பிறகு கார்டுகள், அதாவது அரசு தேர்ந்தெடுக்கும் கொள்கைகள். ரெக்கார்டட் ஹிஸ்டரி என்ற குடிமை வளர்ச்சி முடிந்ததும் நேச்சுரல் ஃபிலாசஃபி கார்டு வரும். அது கேம்பஸின் அண்டைப் பலனை இரட்டிப்பாக்கும். +2 வைத்திருப்பவருக்கு அது 2 கொடுக்கும், +5 வைத்திருப்பவருக்கு 5 கொடுக்கும். என்லைட்டன்மெண்டில் வரும் ராஷனலிசம் கார்டு, அண்டைப் பலன் +4க்குக் குறையாத கேம்பஸ் கட்டிடங்களுக்கு 50 விழுக்காடு கூடுதல் அறிவியல் தரும். மற்ற நாடுகளை வைத்து ஆடும்போது +4க்கு இடம் தேடி அலைவோம். ஜப்பானுக்கு எல்லா நகரமும் அதில் தேறும்.

ஆட்டம் பாதி போய்விட்டது, நகரங்கள் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன என்றால்? அக்கா மகனின் ஆட்டத்தை இப்படித்தான் மீட்டோம். கியோட்டோவுக்கும் ஒசாக்காவுக்கும் எட்டுக் கட்ட தூரம். நட்டநடுவில், இரண்டுக்கும் நாலாவது கட்டத்தில், ஒரு புது நகரம் கச்சிதமாக உட்கார்ந்தது. தூரம் ஏழு என்றால் நேர்கோட்டில் இடம் கிடைக்காது, கோட்டிலிருந்து ஒரு கட்டம் விலகி வைத்தால் விதி அனுமதிக்கும். தாமதமாக வந்த நகரம்தானே என்று நினைக்க வேண்டாம். அது தன் வட்டாரங்களைக் கொண்டு இரண்டு பழைய நகரங்களின் வட்டாரங்களையும் தூக்கிவிடும்.

அறிகுறி: கட்டம் காலியாக இருக்கிறது, ஆனால் வட்டாரம் கட்ட விடவில்லை

மக்கள்தொகை வரம்பு. ஒரு நகரத்துக்கு முதல் வட்டாரம் மக்கள்தொகை 1இல், அடுத்தது 4இல், பிறகு 7, 10 என்று மும்மூன்றாக ஏறும். மேலே சொன்ன முக்கோணத்தை முழுக்க நிரப்ப நகரத்துக்கு நான்கு வட்டாரம், அதாவது மூன்று நகரமும் 10ஐத் தொட வேண்டும்.

இதில் ஒரு வழி உண்டு. அக்வடக்ட் (நீர்ப்பாலம்), டேம் (அணை), கனால் (கால்வாய்), நெய்பர்ஹுட் (குடியிருப்பு) ஆகியவை இந்த வரம்பில் சேராது. ஆனால் பக்கத்து வட்டாரத்துக்கு அண்டையாகக் கணக்கில் வரும். அதுவும் அக்வடக்ட்டும் டேமும் இண்டஸ்ட்ரியல் ஸோனுக்குப் பக்கத்தில் இருந்தால் தனியாக +2 தருபவை. எனவே அக்வடக்ட் கட்ட முடிகிற எல்லா நகரத்திலும் கட்டுங்கள், தண்ணீர் வேண்டுமோ வேண்டாமோ. அது நகர மையத்தையும் தொட வேண்டும், ஆறு, ஏரி, பாலைச்சுனை, மலை இவற்றில் ஒன்றையும் தொட வேண்டும். நகர மையமும் ஒரு வட்டாரம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அதை ஒட்டிக் கட்டியதற்கும் +1 உண்டு.

அறிகுறி: எல்லா நகரமும் மக்கள்தொகை 6, 7இலேயே நின்றுவிட்டது

நெருக்கிக் கட்டுவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. வயல் போட வேண்டிய இடத்தில் வட்டாரம் நிற்கிறது. நகரத்தைச் சொடுக்கி இரண்டு எண்களைப் பாருங்கள்: வீட்டு இடமும் உணவும்.

வீட்டு இடம் குறைவு என்றால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். நன்னீர் ஓரம் வைத்த நகரம் 5இல் தொடங்கும், கடலோரம் மட்டும் என்றால் 3, இரண்டும் இல்லையென்றால் 2. நன்னீர் இல்லாத நகரத்துக்கு அக்வடக்ட் வந்தால் 6 வரை உயரும், ஏற்கெனவே நன்னீர் உள்ளதற்கு 2 கூடும். கிரேனரி (தானியக் கிடங்கு) கட்டாமல் விட்டிருந்தால் அதை முதலில் கட்டுங்கள். மக்கள்தொகை வீட்டு இடத்தை நெருங்கும்போதே வளர்ச்சி பாதியாகிவிடும், முட்டிய பிறகு யோசித்தால் தாமதம்.

உணவு குறைவு என்றால் வயலைத் தேடிப் போகாதீர்கள், வணிகப் பாதையைத் திருப்புங்கள். உள்நாட்டு வணிகர் போய்ச் சேரும் நகரத்தில் எத்தனை வட்டாரம் இருக்கிறதோ அதற்கேற்ப அனுப்பிய நகரத்துக்கு உணவும் உற்பத்தியும் வரும். கேம்பஸ், ஹோலி சைட், தியேட்டர் ஸ்குவேர் உணவு தருபவை. கமர்ஷியல் ஹப், ஹார்பர், இண்டஸ்ட்ரியல் ஸோன், என்கேம்ப்மெண்ட் (படைமுகாம்) உற்பத்தி தருபவை. எல்லா வட்டாரமும் உள்ள கியோட்டோவுக்குப் புது நகரங்களிலிருந்து வண்டி அனுப்பினால் ஆறேழு டர்னிலேயே வித்தியாசம் தெரியும். மேக்னஸ் என்ற ஆளுநரைக் கியோட்டோவில் உட்கார வைத்து சர்ப்ளஸ் லாஜிஸ்டிக்ஸ் பதவி உயர்வு கொடுத்தால், அங்கே முடியும் ஒவ்வொரு பாதையும் அனுப்பிய நகரத்துக்கு மேலும் 2 உணவு சேர்க்கும்.

கடலோரம் என்றால் ஹார்பரும் லைட்ஹவுஸும். கடல் கட்டங்களை மக்கள் உழுதுகொள்ளட்டும், நிலம் வட்டாரங்களுக்கு. நிலம் குறைந்த தீவில் வளர்ந்த நமக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமே இல்லை.

அறிகுறி: மக்கள் முனகுகிறார்கள், எல்லா எண்ணும் சிவப்பாகிறது

அமெனிட்டி, அதாவது மக்களை மகிழ்விக்கும் வசதி, போதவில்லை. ஒரு நகரத்தில் முதல் இரண்டு பேருக்கு அது தேவையில்லை, அதன்பின் இரண்டு பேருக்கு ஒன்று. ஓர் ஆடம்பரப் பொருள் நான்கு நகரங்களுக்கு மட்டுமே போகும். ஜப்பானைச் சரியாக ஆடினால் எட்டு, பத்து நகரம் வரும் என்பதால் இந்த அறிகுறி கட்டாயம் தலைகாட்டும். ஒரே பொருளை இரண்டு மூன்று இடத்தில் வைத்திருந்தால் உபரியை அண்டை நாட்டுக்குக் கொடுத்து அவர்களிடம் உள்ள வேறொன்றை வாங்குங்கள். முக்கோணங்களின் நடுவே ஓர் என்டர்டெயின்மெண்ட் காம்ப்ளெக்ஸ் வைத்து ஸூ கட்டினால் ஆறு கட்டத்துக்குள் இருக்கும் எல்லா நகரத்துக்கும் போய்ச் சேரும். நகரங்கள் நெருக்கமாக இருப்பதால் ஒரு கட்டிடமே நாலைந்து நகரத்தைத் தாங்கும். அந்த காம்ப்ளெக்ஸுக்கென்று அண்டைப் பலன் எதுவும் கிடையாது. ஆனால் அதைத் தொட்டிருக்கும் மற்றவற்றுக்கு +1 தரும். என்கேம்ப்மெண்டும் அப்படித்தான். இப்படிப்பட்டவற்றை விளிம்பில் வையுங்கள், நடுக்கட்டத்தை அவற்றுக்குக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: தீர்க்கதரிசி கிடைப்பதற்குள் மதங்கள் முடிந்துவிட்டன

மதம் தொடங்க ஒரு தீர்க்கதரிசி வேண்டும், உலகில் தொடங்கக்கூடிய மதங்களுக்கு ஓர் எண்ணிக்கை வரம்பும் உண்டு. ஹோஜோ ஹோலி சைட்டைப் பாதி நேரத்தில் கட்டுவார். அப்படியும் இது நடந்தால் அஸ்ட்ராலஜியைத் தாமதமாக எடுத்திருக்கிறீர்கள். அதை முதல் அல்லது இரண்டாவது தொழில்நுட்பமாக எடுத்து, தலைநகரில் ஹோலி சைட் முடிந்ததும் அங்கேயே ஹோலி சைட் பிரேயர்ஸ் திட்டத்தை ஓட்டுங்கள். தீர்க்கதரிசியைத் தரும் அதிசயமான ஸ்டோன்ஹெஞ்சை நம்ப வேண்டாம். கடினமான நிலைகளில் கணினி முந்திக்கொள்ளும்.

மதம் கிடைத்ததும் நான் தயங்காமல் எடுப்பது வொர்க் எதிக் என்ற நம்பிக்கை. ஹோலி சைட்டின் அண்டைப் பலன் எவ்வளவோ அவ்வளவு உற்பத்தியையும் அது தருகிறது. +5 ஹோலி சைட் என்றால் 5 பக்தியோடு 5 உற்பத்தி. தியாலஜியில் வரும் ஸ்கிரிப்ச்சர் கார்டைப் போட்டால் அண்டைப் பலன் இரட்டிப்பாகி உற்பத்தியும் கூடவே ஏறும். மத வெற்றி உங்கள் குறியே இல்லையென்றாலும் இதற்காகவே மதம் தொடங்கலாம். ஜப்பானுக்கு இதைவிடப் பொருந்தும் நம்பிக்கை இல்லை என்பது என் முடிவு.

தீர்க்கதரிசி கைவிட்டுப் போய்விட்டால் அதை விட்டுவிட்டு மேலே போங்கள். கட்டிய ஹோலி சைட் வீணில்லை, பக்கத்துக் கேம்பஸுக்கு அது இன்னும் ஓர் அண்டைதான்.

அறிகுறி: சாமுராய் வந்தும் எதிரி நகரம் விழவில்லை

"மாமா, எட்டு சாமுராய் கூட்டிட்டுப் போனேன். சுவர்ல ஒரு கீறல்கூட விழல."

"சுவர் இடிக்கற வண்டி கூட்டிட்டுப் போனியா?"

"அதெல்லாம் வேணுமா? சாமுராய்க்கு அடிபட்டாலும் பலம் குறையாதுன்னு போட்டிருந்துச்சே."

பலம் குறையாது என்பது சரிதான். மற்றப் படைகளுக்கு உயிர் குறையக் குறையத் தாக்கும் பலமும் குறையும், சாமுராய்க்கு மட்டும் குறையாது. ஆனால் அது களத்தில் எதிர்ப்படும் படைகளோடு மோதும்போது உதவும் குணம். சுவருக்கு வாள் வீரர் தரும் சேதம் யாராக இருந்தாலும் மிகச் சொற்பம். பழைய சுவர் என்றால் பேட்டரிங் ராம் ஒன்றை நகரத்தை ஒட்டி நிறுத்துங்கள். இடைக்காலச் சுவர் எழுந்துவிட்டால் ராம் பயன்படாது, ஸீஜ் டவர் வேண்டும். அதற்கும் மேல் போய்விட்டால் கல்லெறி இயந்திரங்கள், பீரங்கிகள்தான் வழி.

இன்னொன்று, எங்கே போர் நடத்துகிறோம் என்பது. ஹோஜோவின் தெய்வீகக் காற்று என்ற இயல்பால் கடலை ஒட்டிய நிலக் கட்டத்தில் நிற்கும் படைகளுக்கு +5 பலம், ஆழமில்லாக் கடலில் கப்பல்களுக்கும் +5. அக்கா மகன் கடலை ஒட்டாத நகரத்தைத் தாக்கினான், அந்த +5 ஒரு டர்ன்கூடக் கிடைக்கவில்லை. இலக்கை மாற்றிக் கடலோர நகரத்தை எடுத்திருந்தால், பாதி நேரத்தில் கட்டிய என்கேம்ப்மெண்டிலிருந்து ஒரு தளபதியும் வந்து சேர்ந்திருந்தால், அது வேறு போராக இருந்திருக்கும். சாமுராய் அடிபட்டுக்கொண்டே முன்னால் நிற்க, பின்னால் இயந்திரங்கள் சுவரை இடிக்கட்டும். அதுதான் அவர்களுக்குப் பொருந்தும் வேலை.

என் பரிந்துரை: பக்கத்து நாடு ஒன்று கடலோரம் இரண்டு மூன்று நகரங்களோடு இளைத்துக் கிடந்தால் மட்டும் சாமுராய்ப் போருக்குப் போங்கள். இல்லையென்றால் அந்த உற்பத்தி வட்டாரங்களுக்கே.

அறிகுறி: கடல் வழியாக வந்து அடிக்கிறார்கள்

இங்கே வரலாறே விடை சொல்கிறது. ஹோஜோ தோக்கிமுனே 1268இல் ஆட்சிப் பொறுப்பாளராக வந்தபோது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. 1274இல் குப்லாய் கானின் கப்பற்படை ஹாக்காத்தா விரிகுடாவில் இறங்கியது. அது திரும்பிப் போனதும் ஜப்பானியர்கள் காத்திருக்கவில்லை. 1276இல் விரிகுடாவின் கரையோரம் கல்மதில் எழுப்பத் தொடங்கினார்கள். 1281இல் முன்னைவிடப் பெரும்படை வந்தபோது அந்த மதிலைத் தாண்டிக் காலூன்ற முடியாமல் கப்பல்களிலேயே கிடந்தது, அப்போதுதான் புயல் அடித்தது. புயலைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். மதில் இல்லையென்றால் புயல் வரும்வரை தாக்குப்பிடித்திருக்க முடியாது.

ஆட்டத்திலும் புயல் உங்கள் பக்கம்தான். சூறாவளியால் ஜப்பான் படைகளுக்குச் சேதமில்லை, உங்களோடு போரில் இருப்பவர்களின் படைகள் உங்கள் எல்லைக்குள் அதில் மாட்டினால் இரட்டிப்புச் சேதம். ஆனால் அது வரும் என்று நம்பி இருக்க முடியாது. கடலைப் பார்த்த பக்கம் என்கேம்ப்மெண்ட் வையுங்கள், சுவர் கட்டியதும் அதுவும் நகரம் போலவே அம்பு எய்யும். நகர மையத்தை ஒட்டி மட்டும் அதைக் கட்ட முடியாது. எதிரிக் கப்பலை ஆழ்கடலில் போய்ச் சந்திக்காதீர்கள். கரைக்கு வரவிட்டு +5 கிடைக்கும் இடத்தில் அடியுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் என் பாட்டியின் அண்ணனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவே இல்லை. புக்கிட் தீமாவில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்ட இடம். ஜப்பானை எடுத்து ஆடுவதாக அக்கா மகன் சொன்னபோது முதலில் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினேன். பிறகுதான் மடிக்கணினியைத் திறந்தோம். ஆட்டத்தில் உள்ள ஹோஜோ தன் கரையைக் காத்தவர். 1942இல் இங்கே வந்தது வேறு கதை, அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: தூரத்து நகரம் கலகம் செய்கிறது

விசுவாச எண் இறங்குகிறது. ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் நகரங்களின் மக்கள்தொகைதான் அதை இழுக்கிறது. உங்கள் நகரம் ஒன்று, பக்கத்தில் பிறநாட்டு நகரம் நான்கு என்றால் அது நிற்காது. ஓர் ஆளுநரை அனுப்பினால் டர்னுக்கு 8 விசுவாசம், தற்காலிகமாகத் தாங்கும். முக்கோணமாக நெருக்கி வைத்தவர்களுக்கு இந்த அறிகுறியே வராது. உங்கள் நெருக்கமே எல்லையோர எதிரி நகரத்தை இழுக்கத் தொடங்கும்.

அறிகுறி: எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரி கட்டியும் பலன் தெரியவில்லை

ஜப்பானுக்கே உரிய ஃபாக்டரி இது, உற்பத்தியோடு பண்பாடும் தருவது. இதைப் பற்றித்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பண்பாடு ஏறவில்லையா? அந்த +4 பண்பாடு எலக்ட்ரிசிட்டி என்ற தொழில்நுட்பத்தை ஆராய்ந்த பிறகே வரும். இண்டஸ்ட்ரியலைசேஷன் எடுத்து ஃபாக்டரியைக் கட்டிவிட்டு எலக்ட்ரிசிட்டியைத் தள்ளிப்போட்டால் ஒன்றும் நடக்காது. வந்த பிறகும் அது கட்டிய நகரத்துக்கு மட்டும்தான், சுற்றுவட்டாரத்துக்குப் போகாது. எனவே பண்பாட்டுக்காகவாவது எல்லா நகரத்திலும் ஃபாக்டரி வேண்டும்.

உற்பத்தி ஏறவில்லையா? ஃபாக்டரியின் உற்பத்தி ஆறு கட்டத்துக்குள் எல்லா நகரத்துக்கும் போகும், ஆனால் ஒரு நகரம் ஒரே ஒரு ஃபாக்டரியின் பலனைத்தான் எடுத்துக்கொள்ளும். ஐந்து ஃபாக்டரி சூழ்ந்திருந்தாலும் கணக்கு ஒன்றே. இதை உடைப்பதற்கும் மேக்னஸ்தான். வெர்ட்டிகல் இன்டக்ரேஷன் பதவி உயர்வு வரை அவரைக் கொண்டுவந்தால், அவர் இருக்கும் நகரம் சுற்றியுள்ள அத்தனை இண்டஸ்ட்ரியல் ஸோன்களிலிருந்தும் உற்பத்தியைப் பெறும். நகரங்களைச் சிதறவிட்ட நாட்டுக்கு இதில் இரண்டு மூன்றுதான் எட்டும். ஜப்பானுக்கு ஏழெட்டு எட்டும். விண்கலம் கட்டும் நகரத்தில் அவரை வையுங்கள்.

மின்சக்தியையும் பாருங்கள். அது போகாத ஃபாக்டரி முழுப் பலன் தராது. கோல் பவர் பிளாண்ட் கட்டினால் மின்சக்தியோடு இண்டஸ்ட்ரியல் ஸோனின் அண்டைப் பலன் அளவுக்குக் கூடுதல் உற்பத்தியும் அந்த நகரத்துக்குக் கிடைக்கும். அக்வடக்ட்டும் டேமும் சூழ்ந்த +8, +9 ஸோன்களில் இது பெரிய எண். அந்த அண்டைப் பலனை இரட்டிப்பாக்குவது கில்ட்ஸில் வரும் கிராஃப்ட்ஸ்மென் கார்டு. அது ராணுவ இடத்தில் போடுவது, அதனால் அறிவியல் கார்டுகளோடு இடத்துக்குப் போட்டி போடாது.

நிலக்கரி எரித்தால் கடல் ஏறும், அதுவும் உண்மை. கடலோரம் நெருக்கிக் கட்டியவர்களுக்கு அது பெரிய இழப்பு. தாழ்நிலக் கட்டங்கள் எவை என்பதை வரைபடத்தில் முன்பே பார்த்துக்கொண்டு, வட்டாரங்களை அவற்றில் வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டால் ஃப்ளட் பேரியரை (வெள்ளத் தடுப்பை) தள்ளிப்போட வேண்டாம், கடல் மட்டம் ஏற ஏற அதன் விலையும் ஏறும்.

அறிகுறி: எல்லா எண்ணும் நன்றாக இருக்கிறது, வெற்றி மட்டும் வரவில்லை

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறீர்கள். ஜப்பானால் அறிவியல், பண்பாடு, மதம் மூன்றிலும் நன்றாக ஓட முடியும், அதுவே சிக்கல். மறுமலர்ச்சிக் காலம் வரும்போது ஒன்றை முடிவு செய்யுங்கள். தியேட்டர் ஸ்குவேரும் பாதி நேரத்தில் முடியும் என்பதால் பண்பாட்டு வெற்றி மனத்தை இழுக்கும். அதிசயங்கள் மூன்று நான்கு கையில் இருந்து, அவற்றை ஒட்டியே தியேட்டர்களை வைத்திருந்தால் அதில் போகலாம். இல்லையென்றால் நான் அறிவியலுக்கே போவேன். செயற்கைக்கோள், நிலவு, செவ்வாய், பிறகு வெளிக்கோளுக்கு 50 ஒளியாண்டுப் பயணம், இந்த நான்கு படிகளுக்கும் வேண்டியது உற்பத்தி. கலம் புறப்பட்டதும் ஓய்ந்துவிடாதீர்கள், லேசர் நிலையத் திட்டங்களை ஓட்டினால்தான் அதன் வேகம் கூடும்.

அக்கா மகனின் அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. கியோட்டோவுக்கும் ஒசாக்காவுக்கும் நடுவே வைத்த நகரத்தில் மேக்னஸ் உட்கார்ந்திருக்கிறார், கியோட்டோவின் கேம்பஸ் இப்போது +5. நேற்றிரவு அவன் அனுப்பிய படத்தில் செயற்கைக்கோளுக்கு இன்னும் ஆறு டர்ன் என்று இருந்தது.